கோடிட்ட இடத்தை நாத்தனார் நிரப்புவார்

1

இந்தக் கதை பிறந்தது இருமலில். ஒரு இருமல் இல்லை, முப்பத்தொன்று. எண்ணியவள் எங்கள் லஸ் முனை மாதர் சங்கத்துச் செயலாளர் ரத்னா. சொற்பொழிவுக்கு வந்தவர்களையே தலை தலையாக எண்ணுகிறவள், இதையா விடுவாள்?

நடந்தது இதுதான். 1974 பிப்ரவரியில் எங்கள் சங்கம் பெண்களுக்காக ஒரு முகாம் நடத்தியது. டாக்டர் ஆரோக்கியமேரி தன் சனிக்கிழமையை எங்களுக்காக விட்டுக்கொடுத்தார். முப்பத்தாறு வயது, வேகமான நடை, எதற்கும் முகம் சுளிக்காத பெண். மார்பில் புதிதாக ஏதாவது தட்டுப்படுகிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துச் சொல்வார். ஐந்து நிமிட வேலை. ஊசி இல்லை, வலி இல்லை, உள்ளே பெண்களைத் தவிர வேறு ஈ காக்கை இல்லை. புற்றுநோயைச் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் பிழைக்க வழி அதிகம். அதற்குத்தான் இத்தனை பாடும்.

நோட்டீஸ் எழுத உட்கார்ந்தபோது வந்தது வினை. 'மார்பு' என்று போடலாமா கூடாதா என்று கமிட்டியில் இரண்டு மணி நேரம் பேசினோம். மாட வீதியில் ஒட்டப்போகிற நோட்டீஸ், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கும், மாமனார்கள் மூக்குக்கண்ணாடி போட்டுப் படிப்பார்கள் என்றெல்லாம் யோசித்து, கடைசியில் ஒரு கௌரவமான சொல்லைப் பிடித்தோம். 'இலவச நெஞ்சுப் பரிசோதனை. அனைவரும் வருக.' அந்தச் சொல்லைச் சொன்னது யார் என்று கேட்காதீர்கள். கமிட்டியில் எழுத்தாளர் என்று இருந்தது நான் ஒருத்திதான்.

அனைவரும் வந்தார்கள். அதாவது, முப்பத்தொரு ஆண்கள். எல்லாரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார்கள். பென்ஷன் வாங்கும் பஞ்சாட்சரம் முன்ஜாக்கிரதையாகத் தன் கோழையை ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்திருந்தார். வந்த ஒரே பெண்மணி, அவரை வீட்டுக்கு அழைத்துப்போக வந்த அவருடைய மனைவி.

ஆரோக்கியமேரி ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு முப்பத்தொரு பேரையும் பார்த்து அனுப்பினார். "வந்தவங்களை எப்படிங்க திருப்பி அனுப்பறது? பாவம், இருமறாங்களே" என்றார். நான் எல்லாருக்கும் காபி கொடுத்தேன். அன்று பகல் முழுவதும் அந்த டாக்டர் பத்தடி தூரத்தில் இருந்தார், நான் பெண்ணாகத்தான் இருந்தேன், என்னைப் பார்க்கச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. (இது பிறகு உதவும். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

சாயங்காலம் ரத்னா என்னைத் தனியாக அழைத்துப் போனாள்.

"அபயாம்பாள், ஏப்ரல் இருபதாம் தேதி இன்னொரு முகாம் வைக்கறோம். இந்தத் தடவை நோட்டீஸே வேண்டாம்டீ. நம்ம சித்திரை மலருக்கு நீ ஒரு கதை எழுது. கதையில எந்த வார்த்தை வேணா போடலாம். இலக்கியம்னுடலாம்."

2

எழுதுவதற்கு முன் ஒரு விஷயம். என் கையெழுத்தை என்னாலேயே படிக்க முடியாது. சிந்தாதிரிப்பேட்டை அச்சாபீசில் எழுத்துக் கோக்கும் வெள்ளைச்சாமி ஒரு தடவை என் கைப்பிரதியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அரைப் பக்கம் கோத்துவிட்டார். அதிலிருந்து என் கதைகளுக்கு நல்ல பிரதி எடுப்பது என் நாத்தனார் பங்கஜம். ஐம்பத்தொரு வயது [நாற்பத்தொன்பது. –ப.], பெண்கள் பள்ளியில் தமிழ்ப் பண்டிதை, சின்ன வயதிலேயே கணவரை இழந்து எங்களோடு இருப்பவர். நான் அவரை அக்கா என்பேன். என் ஒற்றுப் பிழைகளைத் திருத்துவார். சில சமயம் கதையையே திருத்திவிடுவார். சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவர் செருகியது.

இன்னொரு விஷயமும் உண்டு. என் கணவர் பெயரை நான் சொல்வதில்லை. எழுதுவதும் இல்லை. சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டில் வழக்கம் அப்படி. எழுத நேர்ந்தால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிடுவேன். அக்காவுக்கு அவர் தம்பிதானே, பேனாவை எடுத்து நிரப்பிவிடுவார். என் கணவர் ______ [சங்கரன். –ப.] கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். ஒரு தொடர்கதையில் மறதியாகக் கதாநாயகனுக்கே அந்தப் பெயரை வைத்துத் தொலைத்துவிட்டு, இருபத்துமூன்று வாரமும் கோடு கோடாகவே காதல் காட்சிகள் எழுதினேன்.

அக்கா மறந்து விட்டுவிட்டால்கூட வெள்ளைச்சாமி கவலைப்படமாட்டார். அபயாம்பாள் கதையில் கோடு வந்தால் சங்கரன். அச்சாபீசில் இது சட்டம்.

3

தொடக்கங்கள்.

அ) "பொழுது புலர்ந்தது. வாசல் தெளித்துவிட்டு நிமிர்ந்த சுந்தரவல்லி—"

(வேண்டாம். என் கதைகளில் இதுவரை பதினேழு பெண்கள் வாசல் தெளித்துவிட்டு நிமிர்ந்திருக்கிறார்கள். முதுகு வலிக்கும்.)

ஆ) "உடலின் நுண்ணறைகள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் ஏற்படும்—"

(இது டாக்டர் கொடுத்த காகிதத்தைப் பார்த்து எழுதியது. இரண்டாம் வரியிலேயே எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.)

இ) "குளிக்கும்போதுதான் சுந்தரவல்லிக்குத் தட்டுப்பட்டது. இடது மார்பில், சுண்டைக்காய் அளவில் ஒரு ______."

இதுதான் சரி என்று வைத்துக்கொண்டேன். சுந்தரவல்லி முப்பத்தெட்டு வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சண்முகசுந்தரத்தின் மனைவி. குளித்து முடித்ததும் ஈரத்தலையோடு ரிக்‌ஷா பிடித்துக் கடைக்கே போய், சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த கணவனிடம், "அத்தான், எனக்குப் பயமாயிருக்கு" என்று சொல்லி அழுவாள். அவன் விரித்த சேலையை மடிக்காமல் விட்டுவிட்டு அவளை முகாமுக்கு அழைத்துவருவான். அந்தச் சேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அரக்கு, மாம்பழக் கரை.

ஆனால் சுந்தரவல்லி என்னோடு ஒத்துழைக்கவில்லை. ரிக்‌ஷாவில் ஏறமாட்டேன் என்று நின்றாள். ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. இப்படி ஒரு பாத்திரம் மக்கர் பண்ணினால் நான் செய்வது ஒன்றுதான். ரவிக்கைத் துணி எடுத்துக்கொண்டு ஜைதூன் பீயிடம் போய்விடுவேன்.

4

ஜைதூன் பீ பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் தைக்கிறாள். எங்கள் தெருப் பெண்களுக்கெல்லாம் அவள்தான். அவள் இஞ்ச் டேப்பைத் தொட்டு நான் பார்த்ததில்லை. நாங்கள் அளவு கொடுக்கிற ஜாதி இல்லை, அளவு ரவிக்கை கொடுக்கிற ஜாதி. சரியாக இருக்கிற பழைய ரவிக்கை ஒன்றைப் புதுத்துணியோடு சுருட்டிக் கொடுத்துவிட்டால் போதும், யாரும் யாரையும் தொட வேண்டாம்.

மெஷினை மிதித்துக்கொண்டே கதையைக் கேட்டாள். சுந்தரவல்லி புருஷனிடம் அழும் இடம் வந்ததும் மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா மாமி கதை இது? எவ மாமி புருஷன் கையில போய் மொதல்ல சொல்லுவா? அவ என்னாண்டதான் வருவா."

"உங்கிட்டயா? உங்கிட்ட சொல்லுவாளா?"

"வாயத் தொறந்து சொல்ல மாட்டா. அளவு ரவிக்கய குடுத்துட்டு, 'இந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் பிரிச்சு வுடு ஜைதூன், தையல் உறுத்துது'ன்னுவா. அவ்ளோதான்."

"அப்படி யாராவது நெஜமா கேட்டிருக்காளா?"

ஜைதூன் பீ ஊசியில் நூல் கோத்தாள். ரொம்ப நேரம் கோத்தாள்.

"கேட்டுக்கினுதான் கீறாங்க ஒருத்தங்க. ஆறு மாசத்துல மூணு வாட்டி. மூணு வாட்டியும் எடது பக்கம்தான். டாக்டராண்ட போங்கன்னு நானும் சொன்னேன். 'நீ தையலைப் பாரு'ன்னுட்டாங்க."

"யாரு ஜைதூன்?"

"ஒருத்தி அளவ இன்னொருத்தியாண்ட சொன்னா நான் தையக்காரியா மாமி?" என்றாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ சீக்கிரமா எழுது. நல்லா எழுது. அவங்க படிக்கிற பொம்பளதான்" என்றாள்.

எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. எனக்கு ஒரு வாசகி இருக்கிறாள்! சித்திரை மலரைப் பொட்டலம் கட்டாமல் படிக்கப்போகிற ஒரு நிஜப் பெண், இடது பக்கத்தில் எதையோ ஒளித்து வைத்துக்கொண்டு இந்த ஊரில் நடமாடிக்கொண்டிருக்கிறாள். ஏப்ரல் இருபதாம் தேதி அவள் வந்தாக வேண்டும். வராவிட்டால் என் கதை எதற்கு?

திரும்பும்போது பஸ்ஸில் ஏறின பெண்களையெல்லாம் இடது பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தேன். எதிர் சீட்டு அம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னை ஒரு முறை முறைத்துவிட்டு எழுந்து முன்னால் போய்விட்டார். ஆழ்வார்பேட்டை வருவதற்குள் மூன்று பேரைச் சந்தேகப்பட்டு, மூன்று பேரையும் விடுதலை செய்துவிட்டேன்.

5

முடிவுகள். (முடிவு தெரியாமல் நடுப்பகுதி எழுதுவது எனக்கு ஆகாது.)

அ) சுந்தரவல்லி யாரிடமும் சொல்லாமல் இருந்து, இறந்துபோகிறாள். மடிக்காத சேலை கடையிலேயே கிடக்கிறது. இதை எழுதிவிட்டு நானே தேம்பித் தேம்பி அழுதேன், அவ்வளவு நன்றாக வந்திருந்தது. டாக்டரிடம் படித்துக் காட்டினேன். அவர் அழவில்லை. "பயந்தவங்க வர மாட்டாங்கம்மா. கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்துக்குவாங்க" என்றார்.

ஆ) சுந்தரவல்லி முகாமுக்கு வருகிறாள். ஒன்றுமே இல்லை, வெறும் கொழுப்பு என்கிறார் டாக்டர். வீட்டில் பால் பாயசம். இதற்கும் ஆரோக்கியமேரி தலையை ஆட்டினார். "பத்து ______ல எட்டு சும்மாதான். அதைத் தாராளமாச் சொல்லுங்க, அது நெஜம். ஆனா பத்துமே சும்மான்னு எழுதிடாதீங்க. மீதி ரெண்டு பேரும் உங்க கதையைப் படிப்பாங்க, இல்லையா?"

இ) சுந்தரவல்லிக்கு ஆபரேஷன் நடக்கிறது. இடது மார்பை எடுத்துவிடுகிறார்கள். ஜைதூன் பீ மாதிரி ஒரு தையற்காரி உள்ளே பஞ்சு வைத்து ஒரு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். சுந்தரவல்லி அதைப் போட்டுக்கொண்டு, அந்த அரக்குச் சேலையை உடுத்திக்கொண்டு, பெசன்ட் நகர் கடற்கரையில் சுண்டல் சாப்பிடுகிறாள். காரம் போதவில்லை என்று சண்டை போடுகிறாள். ரத்னாவுக்கு இது பிடிக்கவில்லை. "மலரோட அட்டையில தாமரை போட்டிருக்கோம்டீ" என்றாள். [எனக்குப் பிடித்திருந்தது. –ப.]

எந்த முடிவும் நிற்கவில்லை. அச்சாபீசிலோ அவசரப்படுத்தினார்கள். முடிவு பிறகு வரும் என்று சொல்லி, அக்கா எடுத்துவைத்த நல்ல பிரதியில் முதல் பத்துப் பக்கத்தைப் பிரித்துப் பார்க்காமலேயே அனுப்பிவிட்டேன்.

6

ஏப்ரல் ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைச்சாமி புரூஃபும் கையுமாக வந்து நின்றார். அவர் வீடு தேடி வருகிற ஆள் இல்லை.

"இன்னாம்மா கதை இது? எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"ஏன், என்ன ஆச்சு?"

"கோடு கோடா கீதேன்னு வழக்கம் போல ஐயா பேரக் கோத்துட்டேன். கோத்துட்டு ஒருவாட்டி படிச்சுப் பாத்தா... நீங்களே பாருங்கம்மா. எனக்கு சொல்ல வெக்கமா கீது."

வாங்கிப் படித்தேன்.

"இடது மார்பில், சுண்டைக்காய் அளவில் ஒரு சங்கரன்."

அடுத்த வரி: "அழுத்திப் பார்த்தாள். சங்கரன் நகரவில்லை."

அடுத்த பக்கம்: "எத்தனையோ பெண்களுக்குச் சங்கரன் வருகிறது. வந்த சங்கரன் எல்லாம் ஆபத்தானது இல்லை. ஆனாலும் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது."

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் நீர் வழிந்தது. உள்ளே ஷேவ் பண்ணிக்கொண்டிருந்த அந்த நகராத மனிதர் பாதிச் சோப்போடு எட்டிப் பார்த்து, என்ன என்று கேட்டார். சொல்ல முடியவில்லை. வெள்ளைச்சாமியும் அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஒம்போது எடத்துல கோடும்மா" என்றார், சிரித்து முடித்து. "ஒம்போதும் ஒரே வார்த்தையா, வேற வேறயான்னு சொல்லிட்டா மாத்திக் கோத்துக்கினு போய்க்கினே இருப்பேன்."

என் கைப்பிரதியை எடுத்து வைத்து ஒப்பிட்டேன். ஒன்பதும் ஒரே சொல்தான். மூன்றே எழுத்து. நான் எழுதியிருந்தேன். அக்காவின் பிரதியில் அது வருகிற இடத்தில் எல்லாம் கோடு.

முதலில் கூச்சம் என்று நினைத்தேன். ஆனால் 'மார்பு' என்று வந்த இடங்களில் எல்லாம் அட்டகாசமாக, மணி மணியாக எழுதியிருந்தார். நோட்டீஸ் விவகாரத்தின்போதும், "பழைய பாட்டுல வராத வார்த்தையாடி? நான் ஒம்பதாம் கிளாஸ் பொண்களுக்கு நித்தியம் நடத்தறேன்" என்று எங்களைக் கேலி செய்தவர் அவர்தான். கூசுகிற ஆள் இல்லை. ஊரார் கோட்டையெல்லாம் நிரப்புகிறவர், வருஷத்துக்கு மூன்று தடவை 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று கேள்வித்தாள் எழுதுகிறவர், இந்த ஒரு சொல்லை மட்டும் ஒன்பது தடவை எழுதாமல் தாண்டிப் போயிருந்தார்.

அவங்க படிக்கிற பொம்பளதான்.

சிரிப்பு நின்றுவிட்டது. "நாளைக்குச் சொல்றேன்" என்று வெள்ளைச்சாமியை அனுப்பிவைத்தேன்.

7

(இந்தப் பகுதியை மூன்று விதமாகத் தொடங்கி மூன்றையும் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.)

கொல்லைக் கொடியில் அக்காவின் ரவிக்கை காய்ந்துகொண்டிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உட்புறத்தைத் திருப்பினேன். வலது பக்கத் தையல் தைத்தது தைத்தபடி இருந்தது. இடது பக்கம் பிரித்து விட்டிருந்தது. பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. மூன்று வரிசை.

பயந்துபோனேன் என்று நேராகவே எழுதிவிடுகிறேன். கோபமும் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக ஒரே சமையலறை. ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று தினம் பாடம் எடுக்கத் தெரிந்தவருக்கு இதைச் சொல்லத் தெரியவில்லையா? போன மாதம் மருமாளின் வளைகாப்புக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது அப்போதுதான் புரிந்தது. வளைகாப்பு அடையாறில். எங்கள் ஊரில் அடையாறு என்பது ஒரு பேட்டையின் பெயர் மட்டும் இல்லை, புற்றுநோய் ஆஸ்பத்திரி இருப்பது அங்கேதான். 'அவளை அடையாறுக்கு அழைச்சுண்டு போயிருக்கா' என்று யாராவது குரலைத் தாழ்த்திச் சொன்னால், எந்தத் தெருவுக்கு என்று யாரும் கேட்பதில்லை.

நேரே போய்க் கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். போனேன். "அக்கா" என்றேன். "என்னடீ?" என்றார். "காபி போடட்டுமா?" என்றேன். இப்படி மூன்று தடவை போனேன். மூன்று டம்ளர் காபியையும் குடித்தார். ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணக் கதை எழுதுகிற எனக்கு அந்த மூன்றெழுத்து வாயில் வரவில்லை. கணவர் பெயர்கூட அவ்வளவு கனமாக இருந்ததில்லை.

அதனால் எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். சுந்தரவல்லியைத் தி. நகரிலேயே விட்டுவிட்டு, இருமலில் தொடங்கி, இந்தக் கதையை எழுதினேன். கொடியில் ரவிக்கையைத் திருட்டுத்தனமாகப் பார்த்ததையும் விடவில்லை. இரண்டு நாளில் முடித்து, கடைசித் தாளில் மூன்று கோடுகள் போட்டு, அக்காவின் மேஜையில் வைத்துவிட்டு, அரிசி களைகிற சாக்கில் சமையலறையில் ஒளிந்துகொண்டேன். களைந்த அரிசியையே ஏழு தடவை களைந்தேன்.

பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி ஓடியது. அப்புறம் ரொம்ப நேரம் ஓடவில்லை.

"அபயா, இங்கே வா."

போய் நின்றேன். பரீட்சைத்தாள் வாங்கப் போகிற மாணவியாட்டம்தான்.

"என் ரவிக்கையை எதுக்குக் கொடியிலேர்ந்து எடுத்துப் பார்த்தே?"

"தப்புதான்க்கா."

"என் வயசும் தப்பு. திருத்திட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். "பிரதி எடுக்கச்சே ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துல பேனா நின்னுடறது. எழுதிட்டா நெஜமாயிடும்னு இருந்ததுடீ."

"எழுதாட்டா மட்டும் பொய்யாயிடுமாக்கா?"

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் இந்த மாதிரியெல்லாம் பிடித்துக்கொள்கிற வழக்கம் கிடையாது. இரண்டு பேருக்கும் அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்போது அக்காவின் பார்வை ஆறாம் பகுதியில், வெள்ளைச்சாமியின் புரூஃப் வரிகளில் போய் விழுந்தது.

"சுண்டைக்காய் அளவில் ஒரு சங்கரன்" என்று படித்தார். உதடு துடித்தது. "அவனைச் சின்னதுலேர்ந்து இடுப்புல தூக்கிண்டு திரிஞ்சேன். இப்போ இங்கேயும் அவனேவா?"

அவ்வளவுதான். அழுதுகொண்டே சிரித்தோமா, சிரித்துக்கொண்டே அழுதோமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கிண்டியிலிருந்து திரும்பிய மனிதர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அக்கா மூக்கைச் சிந்திவிட்டுப் பேனாவில் மை நிரப்பினார். கடைசித் தாளை எடுத்தார். நான் போட்ட கேள்விகளும் அவருடைய விடைகளும் அப்படியே கீழே.

என் நாத்தனாரின் இடது மார்பில் இருப்பது ______.
[கட்டி. –ப.]

அது என்ன என்று தெரிந்துகொள்ள அவர் சனிக்கிழமை போகும் இடம் ______.
[முகாம். வேண்டியிருந்தால் அடையாறு. –ப.]

அவருக்குத் துணையாகப் போகிறவள் ______.
[நீ. துணைக்கு மட்டும் இல்லை. முப்பத்தொரு பேருக்குக் காபி கொடுத்தாயே, உன்னை நீ எப்போது காட்டிக்கொண்டாய்? –ப.]

(பிறகு உதவும் என்று சொன்னேன் அல்லவா? எனக்கே உதவும் என்று நினைக்கவில்லை.)

8

மறுநாள் டாக்டருக்கு டெலிபோன் செய்தேன். உடனே அழைத்து வரட்டுமா என்று கேட்டேன். "வந்தா இன்னிக்கே பாத்துடறேன். முகாமுக்குத்தான் வருவேன்னு சொன்னாங்கன்னா அதுவும் சரி. பத்து நாள் பரவாயில்லம்மா. பத்து மாசம்தான் கூடாது" என்றார். அக்கா முகாமுக்குத்தான் வருவாராம். தனியாகப் போய் நின்றால் பயமாக இருக்குமாம், வரிசையில் நின்றால் ரேஷன் கடை மாதிரி இருக்குமாம்.

இதையெல்லாம் அச்சில் போடலாமா என்றும் அக்காவிடம் கேட்டேன். போடு என்றார். பெயரை மட்டும் மாற்றச் சொன்னார். பங்கஜம் என்ற பெயர் அவரே பார்த்து வைத்தது. எங்கள் தெருவில் ஏழு பங்கஜங்கள் இருக்கிறார்கள். "ஏழு பேர் மேலயும் சந்தேகம் வரட்டும். ஏழு பேரும் வந்து காட்டிக்கட்டும்" என்றார். என் நாத்தனார் என்று வேறு எழுதியிருக்கிறேனே, மயிலாப்பூருக்கே தெரிந்துபோகுமே என்றேன். "தெரியட்டுமே. உன் நோட்டீஸை விட நன்னா வேலை செய்யும்."

ஆக, முடிவு.

என்னிடம் முடிவு இல்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது சித்திரை பிறந்திருக்கும், முகாம் இன்னும் வந்திருக்காது. பத்தில் எட்டா, மீதி இரண்டா என்று எனக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. பால் பாயசத்துக்கு முந்திரி வாங்கி வைத்திருக்கிறேன். ஜைதூன் பீ பஞ்சு வாங்கி வைத்திருக்கிறாள். எது வந்தாலும் அக்கா கடற்கரையில் சுண்டல் சாப்பிட்டுச் சண்டை போட வேண்டும். அதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

முடிவு தெரிய வேண்டும் என்றால் நேரில் வாருங்கள். ஏப்ரல் இருபது, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி, லஸ் முனையில் எங்கள் சங்கத்துக் கூடம். முன் அறையில் ஜைதூன் பீ மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பாள். எங்கே கிளம்பிவிட்டாய் என்று யாராவது கேட்டால், அளவு ரவிக்கை கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளுங்கள், கையில் ஒன்றைச் சுருட்டியும் கொண்டுவாருங்கள். உள் அறையில் டாக்டர் ஆரோக்கியமேரி. ஐந்து நிமிடம். இருமுகிறவர்கள் தயவுசெய்து வேறு இடம் பார்க்கவும்.

வரிசையில் முதலில் நிற்பவர் பங்கஜம் அக்கா. இரண்டாவது, ஊருக்குச் சொல்லிவிட்டுத் தனக்குச் சொல்லிக்கொள்ளாத அபயாம்பாள். மூன்றாவது இடத்தில் நிற்பவர் பெயரை எழுத எங்கள் இருவராலும் ஆகாது. பேனா உங்கள் கையில்.

3. ______

[வெள்ளைச்சாமி, இந்த இடத்தில் சங்கரன் என்று கோக்க வேண்டாம். –ப.]